பாய்தலும் பொருள் பாய்தலும்

ஆங்கிலப் பத்தி ஒன்றைத் தமிழாக்குமாறு வகுப்பில் பணித்திருந்தேன். அதில், மேலாளர் தம் உதவியாளரைச் சட்டெனக் கடிந்துகொண்டார் என்னும் பொருளில் 'ஜம்ப்டு ஆன்' என்று வந்திருந்தது. மாணவர் ஒருவர், 'மேலாளர் உதவியாளர்மீது ஏறிக் குதித்தார்' என்று எழுதிவிட்டார். வகுப்பே நகைத்தது. அம்மாணவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கண்டார். தொடருக்குப் பொருள் காண மறந்தார்.

ஆங்கிலத்தில் வினையை அடுத்து நிற்கும் சிறு சொல், அவ்வினையின் பொருளையே மாற்றிவிடுவதுண்டு. இவ்வமைப்பை அம்மொழி இலக்கணத்தார் 'பிரேசல் வெர்ப்' என்பர். நாம் தொடர்வினை எனலாம். குதித்தல், தாவுதல் ஆகியவற்றைக் குறிக்கும் 'ஜம்ப்', 'லீப்', 'ஸ்பிரிங்' என்னும் வினைகள் இவ்வாறு பொருள் வேறுபடுவதைக் காண்போம்.

1. ஜம்ப் அட், லீப் அட்: கிடைத்த வாய்ப்பை ஆவலோடு உடனே ஏற்றல்.
2. ஜம்ப் ஆன்: ஒருவரை உடனடியாகக் கடிதல்.
3. ஜம்ப் இன்: பிறர் பேச்சில் இடைபுகுதல், தயங்காது செயலில் இறங்குதல்.
4. லீப் அவுட்: பலவற்றுள் ஒன்று பளிச்செனக் கண்ணில் படுதல்.
5. ஸ்பிரிங் அப்: திடீரெனத் தோன்றுதல்.
6. ஸ்பிரிங் ஃபிரம்: ஒன்றிலிருந்து பிறத்தல்.

உடலின் விரைவு உள்ளத்தின் விரைவுக்கு ஆகிவருவதே இவற்றுள் பலவற்றின் அடிப்படை. இஃது ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. 'தேர்தல் களத்தில் குதித்தார்', 'கட்சி தாவினார்', 'ரொம்பத் துள்ளாதே' என நாமும் வழங்குகிறோம். நூற்பாக்கள் இடையிட்டுச் சென்று பொருந்தும் நிலையைத் 'தவளைப் பாய்த்து' எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் குறித்தார்.

எனவே மொழிபெயர்ப்போர் ஈடான தமிழ் வழக்கைத் தேடல் வேண்டும். மேற்கண்ட மாணவர் 'உதவியாளர்மேல் பாய்ந்தார்' என்றிருந்தால் பொருள் முழுமையாய் அமைந்திருக்கும். ஆனால் எல்லா இடத்தும் பாய்ச்சல் பொருந்தாது. 'ஸ்பிரிங் அப்' என்பதற்குத் தமிழ் மரபு முளைத்தலையே நாடும். 'தெருவெங்கும் கடைகள் முளைத்தன' என்பதே நம் வழக்கு.

இறுதியாக, 'ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ்' என்றொரு தொடர் உண்டு. தீர ஆராயாமல் முடிவுக்குத் தாவுதல் என்பது அதன் பொருள். ஒரு சொல்லை அரைகுறையாய் அறிந்து பொருள் கூறுவதும், ஒரு செய்தியை அரைகுறையாய்க் கேட்டு ஒருவர்மீது பழி கூறுவதும் இத்தாவுதலே. முன்னதால் மதிப்பெண் குறையும். பின்னதால் மனிதர் மனம் புண்படும். தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக விசாரித்து அறியுமாறு திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் 6ஆம் வசனம் பணிக்கிறது. ஆராய்ந்து செயலில் இறங்குதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரம் வகுத்தார்.

மாணவச் செல்வங்களே! வாய்ப்பைக் கண்டால் பாயுங்கள். முடிவெடுக்கையில் நின்று நிதானியுங்கள்.