ரேஷன் அரிசி ஏன் வாளையார் தாண்டுகிறது?

பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரம், மீனாட்சிபுரம். கோவைப் பக்கம் வேலந்தாவளம், வாளையார். இந்த வழிகளில் ரேஷன் அரிசி பிடிபட்டதாகப் பேப்பரில் அடிக்கடி பார்க்கிறோம். மாட்டுபவர் பெரும்பாலும் மொபட்டில் இரண்டு மூட்டை கட்டி வந்தவர். இல்லையென்றால் பாலக்காடு போகிற ரயிலில் சீட்டுக்கு அடியில் பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா. திருட்டு என்று சொல்லிவிட்டுப் போகலாம். பேங்க்கில் கணக்குப் பார்த்தே பழகியவன் நான்; இதிலும் கணக்கைத்தான் பார்க்கிறேன்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை அட்டைக்கு மாறிக்கொள்ளலாம். யார் மாறுவார்கள்? பொங்கல் பரிசு அரிசி அட்டைக்குத்தானே வருகிறது! அதனால் சாப்பிடாத அரிசியும் வீடு வந்து சேர்கிறது. "அரிசி இருக்குங்களா?" என்று வாசலில் வந்து கேட்கிறவர் கிலோவுக்கு ஐந்தோ ஆறோ கொடுக்கிறார். அந்தப் பக்கம் கேரளம், தன் அரிசித் தேவையில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிற மாநிலம். பாலிஷ் போட்டுவிட்டால் இதே அரிசிக்குப் பல மடங்கு விலை. 1956 நவம்பர் வரை பாலக்காடும் நம் சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. கோடு போட்ட பிறகும் சந்தையும் சொந்தபந்தமும் அப்படியேதான் இருக்கின்றன.

சுமப்பவருக்குக் கிடைப்பது கூலி. மானாவாரிக் காடு காய்ந்து, தறி ஓட்டமும் குறைந்தால் அந்தக் கூலியும் பெரிசாகத் தெரிகிறது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் வண்டியையும் பறிமுதல் செய்யலாம். வண்டி போனாலும் லோன் தவணை நிற்காது என்பது எனக்குத் தெரியும். லாபம் பார்ப்பது மொத்தமாக வாங்கி அரைக்கிறவர். ரோட்டில் அவரைப் பார்க்க முடியாது.

எல்லாமே எல்லை தாண்டுவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசாக்காரர்கள் ஏராளம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் 2020 அக்டோபரில் இங்கே வந்துவிட்டது. ஆனால் கடை திறந்திருக்கும் நேரத்தில் அவர்கள் ஷிப்டில் இருப்பார்கள். லைன் வீட்டு வாசலுக்கே வருகிற அரிசியை வாங்கிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வாடிக்கையாளர் நாம்தானுங்க. பஞ்சகவ்யம் தயாரிக்கிற தோட்டத்துக் கட்டுத்தரையிலும் ரேஷன் அரிசிக் கஞ்சி கொதிப்பதைப் பார்க்கிறேன். தீவன விலை அப்படி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அரிசி அதிகமானால் மாட்டு வயிற்றில் அமிலம் ஏறி அசை போடுவது நின்றுவிடும். மாடே போய்விடுவதும் உண்டு. கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலங்காயும் கிடைக்கிற ஊர் நமது.

அமராவதிப் பாசனத்தில் மருந்தடிக்காமல் விளைந்த நெல்லை அரைத்துச் சந்தைக்குக் கொண்டுபோனால், பாலிஷ் போட்டுப் பெயர் மாற்றிய ரேஷன் அரிசியோடுதான் போட்டி. ஐந்து ரூபாய்க்கு வாங்கியதை அவர் எந்த விலைக்கும் விற்கலாம். நம்மால் முடியாது.