சென்டர்லிங்க் கடன் கடிதம்: நம்புவதும் நடப்பதும்

"உங்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பனவு வழங்கப்பட்டுள்ளது, திருப்பிச் செலுத்துங்கள்" என்று அவுஸ்திரேலியாவின் சமூகநலக் கொடுப்பனவு அலுவலகமான சென்டர்லிங்கிடமிருந்து கடிதம் வந்தால், பலர் மறுகேள்வி கேட்காமல் தவணை போட்டுக் கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அரசாங்கம் கணக்குப் பார்க்காமலா எழுதும் என்ற நம்பிக்கைதான் காரணம். மற்றெல்லாத் தவறான நம்பிக்கைகளும் இதிலிருந்தே கிளைவிடுகின்றன.

அரசாங்கம் கணக்குப் பார்த்த விதத்தை 'ரோபோடெட்' காட்டிக்கொடுத்தது. 2016இல் முழுவீச்சில் இறங்கிய இந்தத் திட்டம், வரித் திணைக்களத்திடம் இருந்த ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரு கிழமைக் கணக்காகப் பிரித்துச் சராசரி எடுத்தது. ஒரு மாணவி ஆண்டின் முதற்பாதியில் வேலையின்றிக் கொடுப்பனவு பெற்றார். பிற்பாதியில் வேலை கிடைத்து 26,000 டொலர் உழைத்தார். வேலை கிடைத்த அன்றே கொடுப்பனவையும் நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கம் ஒரு பிழையும் இல்லை. ஆனால் 26,000ஐ 26 ஆல் வகுத்த கணினிக்கு, அவர் வெறுங்கையோடு இருந்த ஒவ்வொரு இரு கிழமையும் 1,000 டொலர் சம்பாதித்தவராகத் தெரிந்தார். கடன் அங்கே பிறந்தது.

அடுத்த நம்பிக்கை, கடன் இல்லையென்று நிரூபிக்க வேண்டியது நாம்தான் என்பது. பழைய சம்பளச் சிட்டைகளைத் தேடி எத்தனை பேர் அலைந்தார்கள்! கடன் இருக்கிறது என்று காட்டும் பொறுப்பு சட்டப்படி அரசாங்கத்துடையது. அப்போதைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உறுப்பினராக இருந்த சட்டப் பேராசிரியர் டெரி கார்னி, 2017 மார்ச்சிலேயே இதை எழுதிவைத்தார்: சராசரியை மட்டும் வைத்துக் கடனை நிறுவ முடியாது. அரசாங்கம் அந்த முடிவை எதிர்த்து மேலே போகவில்லை. தீர்ப்பாயத்தின் அந்த முதற்கட்ட முடிவுகள் வெளியிடப்படவும் இல்லை. மேன்முறையீடு செய்தவருக்கு நியாயம் கிடைத்தது. கேட்காதவர் கட்டிக்கொண்டே இருந்தார். 2019 நவம்பரில் சமஷ்டி நீதிமன்றத்தில் அரசாங்கமே விட்டுக்கொடுக்கும் வரை நிலைமை இதுதான். 2020 மே மாதம், 470,000 கடன்களுக்காக அறவிட்ட 721 மில்லியன் டொலரைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். இத்திட்டத்தை விசாரித்த, கத்தரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணைக்குழுவின் அறிக்கை 2023 ஜூலையில் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். அந்த இழப்பை எந்தக் காசோலையும் ஈடுசெய்யாது.

சராசரி முறை போய்விட்டது. கடன் கடிதங்கள் போகவில்லை. ஆகவே மற்ற நம்பிக்கைகளையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்பார்கள். தேவையே இல்லை. மீளாய்வு கேட்டால், முதல் முடிவில் சம்பந்தப்படாத ஓர் அதிகாரி கோப்பைப் புதிதாகப் பார்ப்பார். அவர் முடிவும் சரியில்லையென்றால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 2024 ஒக்டோபரில் பழைய தீர்ப்பாயத்தின் இடத்துக்கு வந்தது இதுதான். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. சமூகச் சட்ட நிலையங்களின் ஆலோசனையும் இலவசம். கடிதம் வந்து ஆண்டுக்கணக்காகிவிட்டதே என்றும் தயங்க வேண்டாம்: கடன் பற்றிய முடிவுக்கு அதிகாரியிடம் மீளாய்வு கேட்கக் காலக்கெடு இல்லை. முழுவதும் கட்டி முடித்தவரும் கேட்கலாம்.

"பிழை அவர்களுடையது, நான் ஏன் கட்ட வேண்டும்?" இதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டம் அவ்வளவு தாராளமாக இல்லை. பிழை முற்றுமுழுதாக அலுவலகத்துடையதாகவும், பணத்தை நீங்கள் நல்லெண்ணத்துடன் பெற்றதாகவும் இருந்தால்தான் அந்த வழியில் கடன் தள்ளுபடிக்கு இடமுண்டு. வருமானத்தைத் தாமதமாக அறிவித்த பங்கு உங்களுக்கும் இருந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

இன்னொரு கதவு இருப்பது பலருக்குத் தெரியாது. பிழை உங்களுடையதே என்றாலும், தெரிந்தே பொய் சொல்லவில்லையென்றால், 'விசேட சூழ்நிலை' என்ற அடிப்படையில் கடனை முழுதாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யலாம். காசுக் கஷ்டம் மட்டும் போதாது. கடும் நோய், குடும்ப வன்முறை, மனநலச் சிக்கல் போன்றவற்றைச் சொல்ல வேண்டும், வைத்தியரின் கடிதம் போன்ற சான்றும் வேண்டும். நம்மவர்கள் வாய்திறக்கத் தயங்குவது இந்த இடத்தில்தான். வீட்டு விஷயத்தை வெளியே சொல்வதா என்ற கூச்சத்தில் தங்கள் வழக்கின் வலுவான பகுதியை மறைத்துவிடுகிறார்கள்.

மேன்முறையீடு செய்தால் கடன் கூடிவிடும் என்ற பயம் முழுப் பொய்யல்ல. கோப்பைப் புதிதாகப் பார்க்கும்போது தொகை குறையலாம், கூடவும் கூடும். அதனால் முதலில் உங்கள் கோப்பின் பிரதியைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். சொந்தத் தகவலுக்குக் கட்டணமில்லை. அதைப் படித்த பிறகு ஒரு சமூகச் சட்ட நிலையத்திடம் காட்டலாம். இதற்கிடையே அறவீடு தானாக நின்றுவிடும் என்று இருக்க வேண்டாம். நிறுத்திவைக்கும்படியோ தவணையைக் குறைக்கும்படியோ தனியாகக் கேட்க வேண்டும்.

தொலைபேசியில் பேசும்போது தமிழ் உரைபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதுவும் இலவசம். "எனக்கு விளங்கவில்லை" என்று மட்டும் சொன்னால் விளக்கம் தந்து முடித்துவிடக்கூடும். "இந்த முடிவை மீளாய்வு செய்ய வேண்டும்" என்று சொல்லுங்கள். பேசிய திகதியையும் அவர்கள் தரும் பதிவு இலக்கத்தையும் கடிதத்தின் மேலேயே குறித்துவையுங்கள்.