ரிப்போர்ட் சொல்லாததை நாம்தான் சொல்ல வேண்டும்

சொரியாசிஸ் உள்ள சிலருக்கு நோய் தோலோடு நிற்காமல் மூட்டுக்கும் வந்துவிடும். எனக்கு முதலில் முழங்கையில் செதில். சில ஆண்டுகள் கழித்துக் குதிகால் வலி. பிறகு ஒரு கால்விரல் முழுவதும் உருண்டு வீங்கியது. பள்ளி ஆசிரியை நான். கரும்பலகையில் எழுதுவதும் மாடி வகுப்புக்கு ஏறுவதும் பெரும்பாடாகிவிட்டன. ஆனாலும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் சரியாகவே இருந்தன. சொரியாசிஸ் மூட்டுவாதத்தில் பலருக்கு இப்படித்தான். "ரிப்போர்ட் நல்லாத்தானே இருக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். பதில் சொல்ல எனக்குக் கைகொடுத்தது ஒரு கேள்வித்தாள்.

பிஎஸ்ஏஐடி என்று அதற்குப் பெயர். ஐரோப்பிய மூட்டுவாத அமைப்பான யூலாரின் முயற்சியில், 13 நாடுகளின் நோயாளிகளையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கி, 2014இல் வெளியிட்டார்கள். கேள்விகள் 12. கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போட வேண்டும். வலி, சோர்வு, தோல், வேலை, தூக்கம், பயம், கூச்சம், மனச்சோர்வு எல்லாமே இதில் உண்டு. வலியின் மதிப்பெண்ணை 3ஆல் பெருக்குவார்கள். சோர்வு, தோல், தூக்கம் போன்றவற்றை 2ஆல். மற்றவை அப்படியே. எல்லாவற்றையும் கூட்டி 20ஆல் வகுத்தால் விடை. அது 4 அல்லது அதற்குக் கீழே இருந்தால், நோயாளிக்கு ஏற்கத்தக்க நிலை என்று கொள்கிறார்கள்.

இதை நிரப்பிப் பழகியதில் நான் கற்றவை:

தனியாக உட்கார்ந்து நிரப்புங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் "பரவாயில்லை" என்று எண்ணைக் குறைக்கத் தோன்றும். கண் தெரியாத பெரியவருக்கு வாசித்துக் காட்டுகிறவர், எண்ணை அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும்.

வாரம் முழுவதையும் நினையுங்கள். நேற்றைய வலி மட்டும் மனதில் நிற்கும். இரவில் இரண்டு வரி குறித்துவைத்தால் வார நிலை தெளிவாகும்.

எண்ணோடு ஒரு வேலையையும் எழுதுங்கள். "வலி 6" என்பதோடு "முந்தானைக்கு ஊக்கு குத்த முடியவில்லை, காலையில் படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறேன்" என்று எழுதுவேன். மருத்துவர் அடுத்த முறை அதைத்தான் முதலில் கேட்பார்.

மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். மருந்து மாற்றியபின் என் வலி நன்றாகக் குறைந்தது. மொத்த எண்ணும் இறங்கியது. சோர்வு மட்டும் 8இலேயே நின்றது. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் மருத்துவர் ரத்தசோகைக்குப் பரிசோதித்தார், தூக்கத்தைப் பற்றி விசாரித்தார்.

கூச்சத்தையும் மனச்சோர்வையும் தாண்டிப் போகாதீர்கள். அரைக்கை ரவிக்கை போடத் தயங்குவது, விசேஷ வீட்டுக்குப் போகாமல் சாக்குச் சொல்வது, இவையும் நோய் பறித்துக்கொண்டவைதாம். நம்மில் பலர் அங்கே 0 போட்டுவிடுகிறோம். அப்படிப் போட்டால் அதற்கான உதவியும் வராது.

ஒரே தாளை இரு மருத்துவர்களிடமும் காட்டுங்கள். தோல் மருத்துவர் மூட்டைக் கேட்காமல் விடலாம். மூட்டு மருத்துவர் தோலைக் கேட்காமல் விடலாம். இரண்டையும் சுமப்பவர் நாம்.

நம் பதில்கள் வெறும் மனக்குறைப் பட்டியல் அல்ல. நோய் நன்கு அடங்கியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவர்கள் 7 அளவுகோல்களை வைத்திருக்கிறார்கள். அவற்றில் 5 நிறைவேற வேண்டும். வலிக்கும் மூட்டுகள், வீங்கிய மூட்டுகள், தசைநார் எலும்போடு சேரும் இடங்களின் வலி, தோல் ஆகிய நான்கை மருத்துவர் பார்த்துச் சொல்வார். மற்ற மூன்றும் நம் பதில்கள்: வலி எவ்வளவு, நோயின் மொத்தப் பாதிப்பு எவ்வளவு, அன்றாட வேலைகளை எவ்வளவு செய்ய முடிகிறது. மருந்தைத் தொடர்வதா மாற்றுவதா என்ற முடிவில் நம் பேனாவுக்கும் இவ்வளவு பங்கு இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ரத்தப் பரிசோதனைத் தாளோடு இந்தத் தாளையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும்வரை காத்திராமல் நீங்களே எடுத்து நீட்டுங்கள்.