ஓதப் பெருக்கும் மக்களின் நாட்குறிப்பும்

கொச்சியையும் அதனைச் சூழ்ந்த தாழ்நிலத் தீவூர்களையும் வருத்தும் வெள்ளம் மழையால் மட்டும் வருவதன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடலின் ஓதம் உயர்ந்து, காயல் வழியே வீட்டு முற்றங்களில் ஏறுகிறது. இதனை அங்குள்ளோர் ‘வேலியேற்றம்’ என்பர். ஒருகாலத்தில் இது வரவேற்கப்பட்டதும் உண்டு. பொக்காளி வயல்களில் நெல் அறுவடையானதும் மதகைத் திறந்து உவர்நீரை ஏற்றி இறால் வளர்ப்பது வழக்கம். கடல்மட்டம் உயர, காயல் தூர்ந்து குறுக, வயல்களும் மேடாக்கப்பட, அந்நீருக்குத் தங்குமிடம் அருகிவிட்டது.

இவ்வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். பார்வையிட வரும் அலுவலர் காண்பது ஈரத்தரையை மட்டுமே. உப்போ சுவரில் தங்கிச் சாந்தை உதிர்க்கிறது. கழிப்பறை பயனற்றுப் போகிறது. ஆவணத்தில் ஏறாத இழப்புக்கு நிவாரணம் கோருவது எங்ஙனம்?

எறணாகுளம் மாவட்டத்தில் ஏழிக்கரை முதலிய ஊராட்சிகளில் குடும்பத்தினரே நீர் ஏறிய நாளை நாட்காட்டியில் குறித்துவரும் முயற்சி இவ்விடத்தில் கருதத்தக்கது. துறைமுக ஓத அட்டவணை, துறைமுகத்தில் நீர் எவ்வளவு உயரும் என்பதை முன்னரே கூறும். எந்தச் சந்தில் எவர் வீட்டில் புகும் என்று கூறாது. அவ்விடைவெளியை நிரப்புவது இக்குறிப்பே.

எங்கே கரை உயர்த்துவது, எத்தோட்டைத் தூர்வாருவது என்பதையும் இதைக்கொண்டு ஊரார் கூடி ஆராயலாம். தனித்தனியே முடிவு செய்வது தீங்காகவும் முடியும். ஒருவர் தம் மனையை மேடாக்கினால், நீர் அண்டை வீட்டுக்கே திரும்புகிறது.