பேரு உன் பேர்ல இருக்கணும் கண்ணு

திருப்பூரில், வெட்டிய துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்டாகத் தொடங்கி, இன்று சொந்தமாக ஆர்டர் எடுத்து டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறேன். என் அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். 2022-ல் காலமானார். அந்த வாரமும் என் யூனிட்டில் சனிக்கிழமைச் சம்பளம் தடையில்லாமல் கொடுக்கப்பட்டது. டெலிவரி நிற்கவில்லை. யாருடைய கையெழுத்துக்காகவும் நான் பேங்கில் காத்திருக்கவில்லை. தான் இல்லாத நாளிலும் என் தொழில் ஓட வேண்டும் என்று நினைத்தே அவர் ஆரம்பம் முதல் எனக்குத் துணை நின்றிருக்கிறார். அவரிடம் நான் கற்றவை தொழில் தொடங்கும் பெண்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் உதவும்.

எல்லாம் தொழில் செய்பவர் பெயரில்

2009-ல் தொடங்கும்போது சொந்தக்காரர்கள் பலரும் சொன்னது ஒன்றுதான்: “பொம்பளப் புள்ளைங்க, நாளைக்குக் கட்டிக் குடுத்தா இன்னொரு வீட்டுக்குப் போயிரும். உங்க பேர்லயே போட்டுக்கங்க.” அப்பா கேட்கவில்லை. “வேலை பாக்கறது நீ. பேரு உன் பேர்ல இருக்கணும் கண்ணு” என்றார். கட்டட வாடகை ஒப்பந்தம், கரண்ட் இணைப்பு, கரன்ட் அக்கவுண்ட் எல்லாமே என் பெயரில் வந்தன. பிறகு 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும், 2020-ல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு வந்தபோதும் எனக்கு ஒரு சிக்கலும் இல்லை.

தனிநபர் தொழிலில் முதலாளி இறந்துவிட்டால் அவர் பெயரிலுள்ள ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்து, வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். பேங்கில் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், பல நேரம் வாரிசுச் சான்றிதழும் கேட்பார்கள். உழைப்பது பிள்ளையாகவும் பெயர் அப்பாவுடையதாகவும் இருந்த யூனிட்கள் இதில் மாட்டி, ஆர்டர் கையில் இருந்தும் மெஷினை நிறுத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் விட்டுப்போகும் இந்தக் காகித வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

பணம் கொடுத்தார், கடனாக

தன் பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியைத்தான் அப்பா எனக்குக் கொடுத்தார். மீதியை அம்மாவின் பெயரில் டெபாசிட் போட்டார். வீட்டுப் பத்திரத்தைத் தொடவே விடவில்லை. கொடுத்ததற்கு ஒரு நோட்டுப் போட்டு, மாதாமாதம் நான் கட்டக் கட்ட வரவு வைத்துக் கையெழுத்திட்டார். “எனக்குக் கட்டிப் பழகினாத்தான் பேங்குக்கும் கட்டுவ” என்பார். மெஷினுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக, 2008-ல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் வாங்கச் சொன்னார். அதில் பெண்கள் 5 சதவீதம் சொந்தப் பணம் போட்டால் போதும். மானியம் நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம். பெற்றவர்களின் முதுமைக்கான சேமிப்பு முழுவதையும் தொழிலில் இறக்கும் முன் இப்படிப்பட்ட வழிகளைப் பாருங்கள்.

என் இடத்தில் அவர் பேசவில்லை

ஓய்வுக்குப் பிறகு தினமும் யூனிட்டுக்கு வருவார், செக்கிங் டேபிள் பக்கம் உட்காருவார். வருகிறவர்கள் என்னைத் தாண்டி அவரிடம் போய் ரேட் பேசுவார்கள். “மொதலாளி அங்க இருக்குதுங்க, அங்க கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் பீஸைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். நான் சொன்ன ரேட் அவருக்குப் பிடிக்காவிட்டாலும் ஆள் இருக்கும்போது வாய் திறக்கமாட்டார். இரவு சாப்பிட்ட பிறகுதான் கேட்பார். டெய்லர்களும் கைமடிப் பெண்களும் என் சொல்லை மதிக்கத் தொடங்கியது இதனால்தான்.

பாக்கி வசூலிலும் அப்படியே. ஆள் அவருக்குப் பழக்கமானவராக இருந்தாலும் நான்தான் கேட்க வேண்டும். இன்று சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும். 2024 ஏப்ரல் முதல், கெடு தாண்டிய பாக்கியைக் கொடுக்கும்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. பில்லில் உத்யம் எண்ணைத் தவறாமல் போடுங்கள்.

கையில் இருந்த வேலையைக் கற்றுக்கொடுத்தார்

நான் சொந்தமாகத் துணி வாங்கத் தொடங்கியபோது அவருடைய அனுபவம் முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது. ரோல் வந்ததும் வட்டக் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி எடை போட வேண்டும். 1.8 கிராம் இருந்தால் 180 ஜி.எஸ்.எம். துணி, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். சொன்னதைவிடக் கனமாக வந்தால் அதே கிலோவில் பீஸ் குறையும். ரோலைப் பிரித்து ஆறவிடாமல் வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கி அளவு மாறும். கட்டிங் வேஸ்ட், ரிப், நூல், செக்கிங்கில் கழியும் பீஸ் எல்லாம் சேர்த்த பிறகே ரேட் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா எந்த வேலை பார்த்தவராக இருந்தாலும், அந்த வேலையின் நுணுக்கத்தை அவர் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இக்கட்டில் முதலில் சம்பளம்

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயமேறிய துணி இல்லாததால் எங்களைப் போன்ற பவர்டேபிள்களுக்கு வெட்டிய பீஸ் வருவது நின்றது. இருந்த பணத்தில் டெய்லர்களின் கணக்கை முதலில் முடிக்கச் சொன்னார் அப்பா. பிறகு தனக்குப் பழக்கமான, சீருடை ஆர்டர் கொடுப்பவர்களின் போன் நம்பர்களைத் தந்தார். “நம்பர் என்னுது, பேசறது நீ” என்றார். பேசினேன், வேலை கிடைத்தது. சம்பளம் பாக்கி இல்லாததால் டெய்லர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் சிலர் இன்றும் என்னோடு இருக்கிறார்கள்.

அப்பாக்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். மகள் தொழில் செய்யப் போகிறேன் என்றால் பெயரையும் பொறுப்பையும் அவளிடமே கொடுங்கள். கொடுக்கும் பணத்துக்குக் கணக்கு வையுங்கள். நாலு பேர் முன்னால் அவள் முடிவை மதியுங்கள். நீங்கள் இருக்கும்போதே அவள் தனியாக நிற்கப் பழகிவிட்டால், நீங்கள் இல்லாத காலத்திலும் அவள் தொழில் நிற்காது.