வெண்பனியும் வரமே

வெப்ப நாடுகளிலிருந்து கனடாவில் குடியேறுவோர் பலர், குளிர்காலம் வந்ததும் வீட்டினுள் அடைந்துவிடுகின்றனர். தலைநகர் ஒட்டாவாவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 15 டிகிரி வரை இறங்குவது இயல்பு. ஆயினும் அவ்வூர்ச் சிறுவர் சிறுமியர் பனியில் ஆடி மகிழ்கின்றனர். காரணம் என்ன?

உடுக்கும் முறையே காரணம். அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. எனவே தடித்த உடை ஒன்றைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உடைகள் அணிவது நன்று. இடையில் தங்கும் காற்று உடற்சூட்டைக் காக்கும். உடலை ஒட்டிய உடை பருத்தியாயின் வியர்வையில் நனைந்து குளிரூட்டும். மெல்லிய கம்பளியே ஏற்றது. விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறை கூடுதல் சூடு தரும். காதோ விரலோ மரத்து வெளுத்தால், தேய்க்காமல் உடனே உள்ளே செல்ல வேண்டும்.

இவற்றை அறிந்தவருக்கு ஊரே விளையாட்டுத் திடல். உறைந்த ரிடோ கால்வாயின்மீது 7.8 கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லலாம். 1971இல் திறக்கப்பட்ட இச்சறுக்குத் தடம், குளிர் குறைந்ததால் 2023இல் முதன்முறையாகத் திறக்கப்படவில்லை. குளிர் குறைவதும் ஓர் இழப்பே என அன்று பலர் உணர்ந்தனர்.

எரியும் சூளையில் நின்ற மூன்று இளைஞர், பனியையும் குளிரையும் ஆண்டவரைப் புகழ அழைத்தனர் என்று தானியேல் ஆகமம் கூறுகிறது. புதிய நாட்டின் பருவத்தை அஞ்சாமல் கற்று ஏற்பவருக்கு, அந்நாடும் சொந்த நாடாகும்.