வளையத்துக்கு வழி

என் மகள் பாடசாலை வலைப்பந்து அணியில் கோல் போடுகிறாள். வகுப்பிலேயே உயரமானவள். பட்டம் சொல்லிக் கேலி செய்கிறார்கள். உயர்தரம் படிக்கிற வயதில் விளையாட்டை விடச் சொல்லலாமா?
– ஒரு தாய், சுன்னாகம்

விடச் சொல்லாதேங்கோ அம்மா. உங்கட ஊருக்குப் பக்கத்தில, ஈவினையில பிறந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை மகளுக்குக் காட்டுங்கோ. உயரம் 6 அடி 10 அங்குலம். வளையம் இருப்பது 10 அடியில். அவர் கையைத் தூக்கினால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் பாருங்கோ! 2018இல் சிங்கப்பூரை 69–50 என வென்று இலங்கை ஆசியக் கிண்ணம் எடுத்தபோது முன்வரிசையில் நின்றவர். 2019 லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள். அந்தத் தொடரிலேயே அதிகம் போட்டவர் அவர்தான். அவுஸ்திரேலியக் கழகமும் அழைத்து விளையாட வைத்தது.

ஆனால் உயரம் மட்டும் கோல் போடாது. பந்து கையில் வந்தால் 3 விநாடிக்குள் விட வேண்டும், மறிப்பவர் 3 அடி தள்ளித்தான் நிற்பார். அந்த நேரத்துக்குள் நிதானமாக எறிய, தினமும் பின்னேரம் நூறு எறிதல் பழகட்டும். கால் தடுமாறாமல் நிற்கவும் பழக வேணும்.

படிப்புக்கும் இது பகையில்லை. தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடு உண்டு. சான்றிதழ்களைப் பத்திரமாகக் கோவைப்படுத்தி வையுங்கோ. தர்ஜினிக்கு வங்கி அணியொன்றில் இடம் கிடைத்ததும் இந்தப் பந்தாலதான்.

கேலி செய்யிற பிள்ளைகளிட்ட, ஒருக்கா அவளை மறிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ.